ஸைனுலாப்தீனின் கமரா

காலையில் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, வெயிலில் காய வைத்த கமராவின் பின்மூடிப் பள்ளத்தில் மத்தியானம் மறுபடியும் கறுப்பாக ஈரம் ஊறியிருந்தது. இராசையா விரலால் தொட்டு முகர்ந்தான். பாசி நாற்றம். வெயிலுக்கு உருகிய பழைய பசைதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்வதில் அவனை வெல்ல ஆளில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன் அவன். முன்பு ஸைனுலாப்தீனோடு கூட்டு. போன வருசம் கிண்ணியாவுக்குப் போகும் வழியில் தோணி கவிழ்ந்து, கழுத்தில் கமராவோடு ஸைனுலாப்தீன் கடலோடு போனான்; உடல் கிடைக்கவில்லை. இராசையா மட்டும் கரை சேர்ந்தான். "நான் எவ்வளவோ பிடிச்சனான், கை நழுவிப் போட்டுது" என்று அவன் அழுத அழுகையை ஊரே நம்பியது. போன கிழமை அந்தக் கமரா ஒரு வலையில் ஏறியது. இன்று காலையில் அதைக் கொண்டுவந்தவள் ஸைனுலாப்தீனின் மனைவி றஹ்மா.

"மையத்துத்தான் கிடைக்கல்ல. இதையாவது அவர் வெச்சிருந்த மாதிரி ஆக்கித் தாங்க அண்ணன். முடியுமட்டும் நான் இஞ்சயே இருக்கன்."

முன்னறைக் கதிரையில் அமர்ந்தவள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை இராசையாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் எதையாவது மணந்து பிடிப்பதற்குள் இந்தச் சனியனை முடித்துக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.

உரிந்த தோலை ஒட்டினான். உப்புப் பூத்த பித்தளையை மினுக்கினான். பள்ளத்தில் வெளிச்சம் புகாமல் அடைக்க வெல்வெட் வேண்டும். இறக்குமதி நின்றுபோன காலத்தில் வெல்வெட்டுக்கு எங்கே போவது? அலுமாரியைத் துழாவி, ஸைனுலாப்தீன் விட்டுப்போன கறுப்பு வெல்வெட் தொப்பியை எடுத்து, நீளநீளமாக நறுக்கிப் பதித்தான். செத்தவனுக்குத் தொப்பி எதற்கு?

சின்ன டோர்ச் பல்பை எரியவிட்டுக் கமராவுக்குள் வைத்து, மூடி, இருட்டறையில் பார்க்க வேண்டும். அடைப்புச் சரியென்றால் ஒன்றும் தெரியாது.

இருட்டறைக் கதவைச் சாத்தினான். மருந்து நெடி, அதற்கடியில் பாசி நெடி, துறைமுகத்தில் ஏதோ கப்பலின் ஊதல், அது ஓய்ந்த பின் இறுக மூடிய குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கமராவின் விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு. வெல்வெட் படியவில்லை போலும். குனிந்தான்.

கோடு நாலு இடத்தில் அறுந்தது.

உள்ளிருந்து விளிம்பைப் பற்றிய நாலு விரல்.

அவனுக்கு அந்த விரல்களைத் தெரியும். கவிழ்ந்த தோணியின் விளிம்பை அவை அப்படித்தான் பற்றியிருந்தன. ஸ்டூடியோ முழுவதும் தனக்கே வேண்டுமென்று, ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்துவிட்டான்.

"அண்ணன், உள்ளுக்க ஆரோட கதைக்கிறீங்க?" கதவுக்கு வெளியே றஹ்மா.

அவன் வாயே திறக்கவில்லை.

"ஓம்," என்றாள். அவனிடம் இல்லை. "ஓம். சொல்லுங்க."

அவள் கதவோடு சாயும் ஓசை. ஒரு விம்மல். பிறகு, மிக நிதானமாக: "விளங்கிட்டு."

வெளிப்பக்கக் கொண்டி விழுந்தது.

"றஹ்மா! தங்கச்சி! அது பொய்!"

கதவின் கைப்பிடியை இறுகப் பற்றி இழுத்தான். முதுகுக்குப் பின்னால் கமராவின் மூடி திறந்துகொண்டது. வெளிச்சம். கதவில் அவன் நிழல். பக்கத்தில் இன்னொன்று, தண்ணீர் சொட்டச் சொட்ட.

அது குனிந்து அவன் நிழலின் சுண்டுவிரலைப் பிடித்தது. யாரும் தொடாமலே கைப்பிடியில் அவன் சுண்டுவிரல் பின்னுக்கு வளைந்தது. முறிந்தது.

நிழல் அவசரப்படவில்லை. அடுத்த விரலைப் பிடித்தது.