ஏழு இருபதுக்கு விழுந்த கடைசிப் பந்து

"நாளைக்குக் காலமை பத்து மணிக்கு என்ர வேலை போகப் போகுது, அண்ணை" என்று சொல்லிக்கொண்டேதான் ரதிதேவி உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டாள்.

1987 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. மாலை ஐந்தரை ஆகியும் நியூசிலாந்தில், ஒக்லாந்து நகரத்து மங்கரேயில் வெயில் இறங்கவில்லை. வீட்டுக்காரர் நவரத்தினம், எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் நேரில் பார்த்து, எது உண்மை எது புளுகு என்று காப்புறுதிக் கம்பனிக்கு அறிக்கை எழுதுபவர். இடி விழுந்தாலும் முகம் மாறாத மனிதர். அவர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த லெட்சுமணன் அதற்கு நேர்மாறு. மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவன், பக்கத்து ஒனிஹங்காவில் வீடியோ கசெட் கடையில் வேலை. டென்னிஸ் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"யாருக்கா உங்க வேலையில கை வைக்கிறது? வாங்க, இப்பவே போய்க் கேப்போம்!" என்று எழுந்தே விட்டான்.

"முதல்ல தேத்தண்ணி" என்றார் நவரத்தினம். "பிறகு தொடக்கத்தில இருந்து சொல்லு, பிள்ளை."

ஒனிஹங்காவில் தவராசா வீட்டில் நடக்கும் பந்தயத்தைப் பற்றி அவருக்கு ஓரளவு தெரியும். பன்னிரண்டு தமிழர்கள் சேர்ந்து பெண்கள் டென்னிசுக்கு மட்டும் பந்தயம் கட்டுகிறார்கள். ஆண்கள் ஆட்டம் வெறும் அடிதடி, பெண்கள் ஆடுவதில்தான் மூளை இருக்கிறது என்பது தலைவர் தவராசாவின் தீர்ப்பு, அதற்கு அப்பீல் கிடையாது. ஒவ்வொரு பெரிய இறுதியாட்டத்துக்கும் வெல்லப்போவது யார், செட்டுக்குச் செட் எத்தனை என்று, டிவியில் ஆட்டம் தொடங்குமுன் துண்டில் எழுதிப் பால்மா டின்னில் போடவேண்டும். எல்லா செட்டையும் சரியாகச் சொன்னவருக்கு டின் முழுவதும் சொந்தம். கடந்த ஐந்து ஆட்டங்களில் ஒருவருக்கும் அது வாய்க்கவில்லை, டின் கனத்துப் போயிருந்தது.

இதில் ஒரு சிக்கல். ஐரோப்பாவில் ஆடும் ஆட்டம் ஒக்லாந்தில் மறுநாள் பிற்பகல்தான் டிவியில் ஒளிப்பதிவாக வரும். அதனால் சனி மாலையிலிருந்து வானொலி, பத்திரிகை, தொலைபேசி மூன்றும் விலக்கு. எல்லா வீட்டிலும் வானொலிக்குத் துவாய் போர்த்தி வைப்பார்கள். கந்தசஷ்டி விரதம்கூட அவர்கள் இவ்வளவு கடுமையாகப் பிடிப்பதில்லை.

"நேற்று லண்டன் ஆட்டம்" என்று ரதிதேவி தொடர்ந்தாள். "செக் நாட்டு வேரா மார்க்கோவாவுக்கும் அமெரிக்கப் பெட்டை ஹோல்ட்டுக்கும். எல்லாரும் வேரா எண்டுதான் எழுதினம். நானும் அப்பிடித்தான்."

"நானும்தான்!" என்று லெட்சுமணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "துண்ட டின்னுல போட்டுட்டு வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். பதினேழு வயசுப் பொண்ணு, அண்ணே! மொத செட்டு போச்சு, ரெண்டாவதுல டைபிரேக்கு. கடைசி பாயிண்டுக்கு வேரா தூக்கி விட்டா பாருங்க, இவ பின்னாடியே ஓடி, திரும்பிக்கூடப் பாக்காம அடிச்சா! நான் சோபாவ விட்டுக் கீழ விழுந்துட்டேன்."

"நாலு ஆறு, ஏழு ஆறு, ஆறு நாலு" என்றாள் ரதிதேவி. "டின்னைத் திறந்தால் ஒரு துண்டில அச்சடிச்ச மாதிரி அதே கணக்கு. செல்வரத்தினம் அண்ணையின்ர துண்டு."

செல்வரத்தினத்தின் வீட்டில்தான் அவள் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கோயில் கட்டுவதற்குச் சங்கம் தொடங்கியவர், பொய் பேசாதவர் என்று பெயர் வாங்கியவர். சபை சந்தேகப்பட்டதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் கேக்கேல்லை. பிள்ளை எக்ஸ்சேஞ்சில இருந்து வந்தவுடன தானாச் சொன்னவள். லண்டன் ஒப்பரேட்டரிட்டக் கேட்டதாம். காதில விழுந்ததை நான் என்ன செய்யிறது?" என்றிருக்கிறார்.

ரதிதேவி தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு அழைப்புகளை இணைப்பவள். வேலை நேரத்தில் சொந்தக் கதை கதைப்பதில்லை என்று கையெழுத்து வைத்தவள். தவராசாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. செவ்வாய் காலை பத்து மணிக்கு அவளுடைய மேலதிகாரியிடம் கடிதம் கொண்டுபோகப் போவதாகச் சொல்லிவிட்டார்.

"வேலை போனால் போகட்டும் எண்டு இருப்பன். ஆனா அம்மாவைக் கூப்பிட விசாவுக்குப் போட்டிருக்கிறன், அண்ணை. அடுத்த கிழமை இண்டர்வியூ. வேலை இல்லாட்டி அவ பருத்தித்துறையில குண்டுக்குள்ளயே கிடக்க வேண்டியதுதான்."

இதைச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். லெட்சுமணனின் கண்ணும் கலங்கியது. நவரத்தினம் சீனிப் போத்தலை அவள் பக்கம் தள்ளினார்.

"எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சது?"

"சரியா எட்டு. கார்ட்டில அடிச்சிருக்கு. பஸ்ஸில வீட்ட வர ஒன்பது. அவர் முத்தத்தில பூ பறிச்சுக்கொண்டு நிண்டவர். 'களைச்சுப் போனாய், போய்ப் படு' எண்டார். வேற ஒரு சொல்லும் இல்லை. பன்னிரண்டரைக்கு எழும்பித் தவராசா அண்ணை வீட்ட அவற்ர காரிலதான் போனனான்."

"காரில என்ன கதைச்சவர்?"

"நல்ல கதைதான் அண்ணை. ஊர்ப்பக்கம் ரெண்டு கிழமையா ஊரடங்கு எண்டு நான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். 'பருத்தித்துறையில ஊரடங்கைத் தளர்த்தியாச்சு, இண்டைக்கு உன்ர அம்மா கடை கண்ணிக்குப் போவா, யோசியாதை' எண்டு தேற்றினவர். அப்பிடிப்பட்ட மனுசன் அரை மணித்தியாலத்தில என்ர தலையில கல்லைப் போடுவாரெண்டு ஆர் கண்டது?"

நவரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். "லெட்சுமணன், நேற்றைய ஆட்டத்தைப் பதிஞ்சனியோ?"

"பதியாம? மூணு தடவ பாத்துட்டேன்!"

"நாலாந்தரம் போடு. ஆனா ஆட்டத்தைப் பாக்காதை. பின்சுவரைப் பார்."

பச்சைத் திரைக்கு மேலே வட்டமாக ஒரு பெரிய கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் பந்து போடும்போது இரண்டு ஐந்து. இரண்டாவது செட் முடியும்போது நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அடுத்த காட்சியில் மூன்றாவது செட்டின் முதல் பந்து. லெட்சுமணன் கசெட்டை நிறுத்தினான். திரைக்கு மூக்கு முட்டும்வரை போய்ப் பார்த்தான்.

"ஆறு இருபத்தஞ்சு! அண்ணே, ஆறு இருபத்தஞ்சு! ரெண்டரை மணி நேரம் எங்க போச்சு?" திடீரென்று துள்ளினான். "ரிப்பன்! ஹோல்ட் தலையில நீல ரிப்பன் இருந்துச்சு, மூணாவது செட்டுல வெள்ள. ராசிக்கு மாத்திக்கிட்டான்னு நெனச்சேன். போய்க் குளிச்சு உடுப்பு மாத்திட்டு வந்திருக்கா! உள்ளரங்கு ஆட்டம், லைட்டுதான் போயிருக்கும். அத வெட்டிட்டு ஒட்டிட்டானுங்க!"

"கடைசிப் பந்து?"

கசெட் ஓடியது. ஹோல்ட் திரும்பிப் பார்க்காமல் அடித்தாள், பந்து கோட்டில் விழுந்தது, தலைக்கு மேலே கடிகாரம் ஏழு இருபது காட்டியது. லெட்சுமணன் விரல் விட்டு எண்ணினான். லண்டனைவிட ஒக்லாந்து பதின்மூன்று மணி நேரம் முன்னால்.

"நம்மளுக்குக் காலையில எட்டு இருபது! அக்கா எட்டு மணிக்கே கெளம்பிட்டாங்க. முடியாத ஆட்டத்தோட ஸ்கோர அந்த லண்டன்காரன் எப்படிச் சொல்லுவான்?"

ரதிதேவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் லெட்சுமணனுக்கு நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. நவரத்தினம் மட்டும் அன்றைய பத்திரிகையை எடுத்து, வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் ஒரு மூலையை நிதானமாக வாசித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தவராசாவுக்கு ஃபோன் அடி. எல்லாரையும் ஏழு மணிக்கு வரச் சொல்லு."

ஏழு மணிக்குத் தவராசாவின் முன்னறையில் பன்னிரண்டு பேரும் கூடிவிட்டார்கள். டிவி மேல் பால்மா டின், பக்கத்தில் ஒட்டிய கடித உறை. வெள்ளை வேட்டியோடு செல்வரத்தினம் மூலை நாற்காலியில் இருந்தார். தவராசாவின் மனைவி குணவதி ரதிதேவியைக் கைப்பிடித்துத் தன் அருகே இருத்திக்கொண்டாள்.

லெட்சுமணன் கசெட்டைப் போட்டுக் காட்டினான். கடிகாரத்தைச் சொல்லும்போது அவன் குரல் இரண்டு வீடு தள்ளிக் கேட்டிருக்கும். வெள்ளை ரிப்பன் வந்தபோது சபை முழுவதும் "அட!" என்றது.

"நாங்கள் எல்லாரும் ஒரே பிழையை விட்டனாங்கள்" என்றார் நவரத்தினம். "மூண்டு மணிக்குத் தொடங்கினது, விடிய ஆறுக்கு முடிஞ்சிருக்கும், அந்த நேரம் பிள்ளை வேலையில இருந்தவள் எண்டு கணக்குப் போட்டம். முடிஞ்சது எட்டு இருபதுக்கு. அவள் அப்ப பஸ்ஸில."

"அப்ப பஸ்ஸில ஆரிட்டயும் கேட்டிருப்பாள்" என்றார் செல்வரத்தினம்.

"நேற்று நீங்கள் சொன்னது எக்ஸ்சேஞ்ச், லண்டன் ஒப்பரேட்டர். சபை முழுக்கக் கேட்டது. அது நடந்திருக்கேலாது எண்டு இப்ப தெரியுது. இல்லாததை ஏன் சொன்னனீங்கள்? கணக்கு உங்களுக்கு வேற இடத்தில இருந்து வந்திருக்கு, அந்த இடத்தைச் சொல்ல ஏலாது."

"எந்த இடம்?" என்று தவராசா எழுந்தார்.

நவரத்தினம் பத்திரிகைத் துண்டை எடுத்தார். "இது இண்டைய பேப்பர். நாலே வரி. பருத்தித்துறையில ஞாயிறு பகல் ஊரடங்கைத் தளர்த்திறதாகக் கொழும்பில சனி இரவு பத்து மணிக்குப் பிறகு அறிவிச்சவை. எங்களுக்கு அப்ப ஞாயிறு விடிய ஐந்தரை. பேப்பரில வந்தது இண்டைக்குத்தான். ஊருக்கு ஃபோன் இல்லை. ஆனா நேற்று மத்தியானம் காரில வரேக்க ஒராள் ரதிதேவிக்கு இதைச் சொல்லித் தேற்றியிருக்கிறார்."

எல்லோரும் மூலை நாற்காலியைப் பார்த்தார்கள்.

"காலமை பத்து மணிக்கு லண்டன்ல இருந்து சிற்றலைச் செய்தி. முதல்ல உலகம், கடைசியில விளையாட்டு. ஊரடங்குச் செய்தி கேட்ட அதே வானொலியிலதான் ஹோல்ட்டின்ர கணக்கும் வந்தது. துவாயை எடுத்தனீங்கள், செல்வரத்தினம். அந்தப் பிள்ளைக்கு நல்லது சொல்ல வெளிக்கிட்ட வாயாலதான் பிடிபட்டனீங்கள்."

செல்வரத்தினம் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"ஊர்ச் செய்தி கேக்காமல் எப்பிடி இருக்கிறது? என்ர தம்பி குடும்பம் அங்க. அதுக்குத்தான் போட்டனான், சத்தியமா. விளையாட்டு தொடங்க நிப்பாட்டியிருக்கலாம். கை போகேல்லை. டின்னை நினைச்சனான். பிறகு எல்லாரும் கேக்க, வெக்கத்தில வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன்."

"விதி விதிதான்!" என்று தவராசா உறுமினார். "சனி பின்னேரத்தில இருந்து வானொலி தொடக்கூடாது. வேற ஆரும் தொட்டவையோ?"

முதலில் குணவதி கையைத் தூக்கினாள். "நான் கேட்டனான். குசினிக்குள்ள, மெல்லமா. விளையாட்டு எண்ட உடன நிப்பாட்டிப்போட்டன்." பிறகு அவளுக்குப் பின்னால் ஒரு கை, ஜன்னலோரம் இரண்டு, வாசலில் மூன்று. லெட்சுமணன் வாயைப் பிளந்து எண்ணினான். ஏழு கைகள். கடைசியில் தவராசா மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தன் கையையும் மெதுவாக உயர்த்தினார்.

"எங்க இருந்து கேட்டனீங்கள்?" என்றாள் குணவதி.

"கராஜுக்குள்ள. கார் ரேடியோ சிற்றலை எடுக்கும்."

அறை வெடித்துச் சிரித்தது. தவராசா கடித உறையை எடுத்து நாலாகக் கிழித்தார். ரதிதேவியிடம் வந்து, "பிள்ளை, நான் அவசரப்பட்டுட்டன். மன்னிச்சுக்கொள். இண்டர்வியூவுக்கு நானே காரில கூட்டிக்கொண்டு போறன்" என்றார். அவள் தலையசைத்தாள். இனிமேல் ஊர்ச் செய்திக்கு விலக்கில்லை, விளையாட்டு தொடங்கியதும் நிறுத்தவேண்டும் என்று அங்கேயே விதி மாறியது. டின் அடுத்த ஆட்டத்துக்குப் போனது.

எல்லோரும் எழும்போது செல்வரத்தினம் ரதிதேவி முன்னால் வந்து நின்றார். கும்பிடப் போன கையை அவள் தடுத்துவிட்டாள்.

"ரெண்டு கிழமையா எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை, அண்ணை. அம்மா கடைக்குப் போவா எண்டு காரில நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதை நான் மறக்கமாட்டன்." அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "ஆனா அம்மா வரேக்க உங்கட வீட்ட வரமாட்டா. நாளைக்கு வேற அறை பாக்கிறன்."