வளைவில் நின்ற தண்ணீர்

மூன்றாம் மாடிக்கு ஏறும்போதே துர்தாலிக்கு மூக்கு சொல்லிவிட்டது. ஆட்டுவால் கொழுப்பு. பழையது, ஊசிப்போனது. அதோடு இன்னொரு வாடையும் கலந்து வந்தது. அது என்னவென்று பிடிபடவில்லை. நாற்பது வருஷமாக அந்திஜான் நகரத்துச் சாக்கடைக் குழாய்களில் கைவிட்டுப் பிழைக்கிற ஆளுக்குத் தெரியாத நாற்றமா? அவருக்கு எரிச்சலாக வந்தது.

கதவைத் திறந்தவள் மொஹிதில். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகிறது. குழந்தையைத் தோளில் போட்டு, அதன் மூக்கைத் தன் தலைத்துணியால் மூடியிருந்தாள்.

“வாங்க உஸ்தா. செருப்போடவே வாங்க, தரை நல்லால்ல.” கைத்தொழில் தெரிந்தவரை அந்த ஊரில் உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“என்ன ஊத்தினீங்க?”

“தண்ணியைத் தவிர ஒண்ணும் ஊத்தல.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றீங்க. போன வாரம் ஒருத்தி அப்படித்தான் சத்தியம் பண்ணினா. உள்ள கைய விட்டு அவ புருஷனோட பல்செட்ட எடுத்துக் குடுத்தேன்.”

சமையலறை வாசலில் நின்ற அவள் புருஷன் எல்முரோத் சிரித்தான். சிரித்த கையோடு வேறெங்கோ பார்த்தான். அப்படிப் பார்க்கிறவனைத் துர்தாலி நம்புவதில்லை.

குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. மஞ்சள் பல்பு ஒன்று. வெளியே மத்தியான வெயில் பனிமேல் பளபளத்துக்கொண்டிருக்க, இங்கே மட்டும் எப்போதும் இருட்டப்போகிற நேரம். குளியல் தொட்டியில் முழங்கால் அளவுக்குச் சாம்பல் நிறத் தண்ணீர். மேலே பால் ஆடை மாதிரி கொழுப்புப் படலம். அதில் ஊறிப் பெருத்த சோற்றுப் பருக்கைகள், தேயிலைச் சக்கை, கறுப்பாக ஏதோ நூல் நூலாக. விரலால் தொட்டார். படலம் விரலோடு ஒட்டிக்கொண்டு நீளமாக எழுந்து வந்தது.

“குழந்தைய குளிப்பாட்டும்போதுதான் மேல வருது உஸ்தா” என்றாள் மொஹிதில். “தொட்டிக்குள்ள சின்ன பேசின் வெச்சுக் குளிப்பாட்டுவேன். தொளையிலேர்ந்து புளுபுளுன்னு வந்து பேசினச் சுத்தி நிக்கும். நேத்து பேசினுக்குள்ளயே ஏறிடுச்சு. புள்ள கால தொட்டுடுச்சு.”

“அடைச்சா மேலதான் வரும். அதுக்கும் குழந்தைக்கும் என்ன?”

“துணி துவைச்சா வரலையே.”

“பயமா இருந்தா ரெண்டு நாள் உங்கம்மா வீட்டுக்குப் போ.”

“நாப்பது நாள் ஆகாம பச்சப்புள்ளைய வாசல் தாண்டிக் கொண்டு போவாங்களா? இன்னும் இருபத்தொம்பது நாள் இவன் இங்கதான் இருந்தாகணும்.” குரலைத் தாழ்த்தினாள். “அதோட, அது இவனத்தான் தேடி வருது.”

துர்தாலி முதலில் சமையலறை சிங்க்குக்கு அடியில் இருந்த குழாய் வளைவைக் கழற்றினார். உள்ளே கெட்டியாக வெண்ணெய் மாதிரி. புலாவ் செய்த அண்டாவில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டுக் கழுவி, அப்படியே சிங்க்கில் கவிழ்ப்பது இந்த ஊர்க்காரர்களுக்குக் கைப்பழக்கம். சூடாக இருக்கும்வரை எண்ணெயாக ஓடும். பத்து அடி போனதும் பனிக்காலக் குழாயில் உறைந்து மெழுகாகிவிடும். மேலே தேயிலைச் சக்கை ஒட்டும், அதன்மேல் தலைமுடி, அதன்மேல் மறுபடி கொழுப்பு. மனுஷன் தின்றதெல்லாம் குழாய்க்குள் இன்னொரு குடலாக வளரும்.

பிறகு சுவரோரம் பதித்திருந்த புது டைல்களை உடைத்தார். உடைத்ததும் கத்தினார்.

“எவன் பண்ணின வேலை இது?”

“நான்தான்” என்றான் எல்முரோத். “குழாய் தெரியக்கூடாதுன்னு கொஞ்சம் தூக்கி மறைச்சேன். அழகா இருக்கட்டுமேன்னு.”

“அழகு! குழாய் மேட்டப் பாத்து ஏறுது. தண்ணி என்ன ஆடாடா, மலையேறி மேயறதுக்கு? சிங்க்குக்கும் தொட்டிக்கும் இது ஒண்ணுதான் வழி. ஊத்தினதெல்லாம் உள்ளேயே நிக்குது. பெரிய குழாய்க்குப் போகவே இல்ல.”

எல்முரோத்தின் முகம் வெளுத்தது. ஒரு குழாய்ச் சரிவுக்கு இவ்வளவு வெளுக்க வேண்டியதில்லை என்று துர்தாலிக்குப் பட்டது.

ஸ்பிரிங் கம்பியைத் தொட்டித் துளைக்குள் விட்டார். மூன்று முழம் போனதும் எதிலோ சிக்கியது. முறுக்கி இழுத்தார். கை நீளத்துக்கு வெள்ளையாக, குழாயின் உருவத்திலேயே ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, தொட்டியின் விளிம்பில் தொப்பென்று விழுந்தது. நிலைவாசலில் நின்ற மொஹிதில் குழந்தையின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது முழுக்க முடியால் பின்னியிருந்தது. நீள முடி. முக்கால்வாசி வெள்ளை, நுனி மட்டும் மருதாணிச் சிவப்பு.

கம்பியை மறுபடி துளைக்குள் செருகிவிட்டு, முடியை விரலால் பிரித்தார். நடுவில் பஞ்சு உருண்டைகள். பிழிந்தால் மஞ்சளாக வடிந்தது. இத்தனை நேரம் பிடிபடாத வாடை இப்போது நேராக முகத்தில் அடித்தது.

கற்பூரம்.

பிணத்தைக் கடைசியாகக் குளிப்பாட்டும் தண்ணீரில் கரைக்கிற கற்பூரம். துர்தாலி சுவரைப் பிடித்துக்கொண்டு காறித் துப்பினார்.

“இங்க யாரைக் குளிப்பாட்டினீங்க?”

எல்முரோத் மொஹிதிலைப் பார்த்தான்.

“உன்னத்தான் கேக்கறேன்டா.”

“எங்கம்மாவ” என்றான் எல்முரோத். “இருபத்தஞ்சு நாள் ஆச்சு.”

“மய்யத்தக் குளிப்பாட்டின தண்ணிய வாளியில பிடிச்சு, கால் படாத எடத்துல குழி வெட்டித்தானே ஊத்தணும்? குளிப்பாட்ட வந்த பொம்பளைங்க சொல்லலையா?”

“சொன்னாங்க. ஆறு வாளி பிடிச்சும் வெச்சாங்க. படியெல்லாம் பனிக்கட்டி, கீழ மண்ணு கல்லு மாதிரி இருந்துச்சு. அவங்க போனதும் நான்தான்...” அவன் தொட்டித் துளையைப் பார்த்தான். “தண்ணிதானே, எப்படியும் மண்ணுக்குத்தானே போகுதுன்னு நெனச்சேன்.”

“போகலடா. இருபத்தஞ்சு நாளா அந்த வளைவுலேயே நிக்குது. அதுமேல ஏழாம் நாள் புலாவ் அண்டாவயும் கழுவி ஊத்தியிருக்கீங்க.”

“பேரனக் கையில வாங்காம போகமாட்டேன்னு சொல்லிட்டே இருந்தாங்க” என்றாள் மொஹிதில் மெல்ல. “ரெண்டு வாரம் முந்திட்டாங்க.”

அப்போது கம்பி அசைந்தது.

துர்தாலி அதைப் பிடித்திருக்கவில்லை.

துளையில் செருகிக் கிடந்த கம்பி, ஒரு சாண் உள்ளே போனது. நின்றது. இன்னொரு சாண் போனது. அவர் பாய்ந்து பிடித்து இழுத்தார். மறுமுனையில் இழுத்தது அடைப்பு இல்லை. அடைப்பு ஒரே மாதிரி இறுக்கும். இது தளர்ந்தது, மறுபடி பிடி மாற்றிப் பிடித்தது.

குழாய்க்குள் யாரோ சளியைக் காறுகிற சத்தம்.

குழந்தை அழுதது. அழுத உடனே, தொட்டியின் சாம்பல் தண்ணீர் ஒரு விரற்கடை உயர்ந்தது.

“புள்ளைய உள்ள கொண்டு போ!” என்று கத்தினார். அவள் ஓடினாள். அழுகை தூரமாகப் போகப்போகத் தண்ணீரும் இறங்கியது. கம்பி கையோடு வந்தது.

தன் பயத்தை அந்த முட்டாள் பார்க்கக்கூடாது என்பதற்காகவே துர்தாலி உரக்கத் திட்டினார். “கடப்பாரை இருக்கா? இல்லன்னா வாங்கிட்டு வா. கட்டடத்துக்குப் பின்னால சுவரோரமா குழி வெட்டு. மண்ணு கல்லா இருந்தா பல்லால கடிச்சாவது வெட்டு. இதுல ஒரு சொட்டு இனி குழாய்ல போகக்கூடாது.”

தொட்டியைக் குவளையால் மொண்டார்கள். குழாயை அறுத்துத் திறந்து, உள்ளே நின்றதை வாளியில் வடித்தார்கள். கூழாக வந்தது. பஞ்சு, முடி, தோல் மாதிரி மெல்லிசாக எதுவோ. அது என்ன என்று துர்தாலி உற்றுப் பார்க்கவில்லை. எல்முரோத் வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போதெல்லாம் வாய்விட்டு அழுதான். பதினோரு வாளி. எல்லாவற்றையும் குழியில் ஊற்றி, மண் தள்ளி, மேலே கல் வைத்துவிட்டு வந்தான்.

துர்தாலி புதுக் குழாயைச் சரியான சாய்வில் பதித்தார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சுழித்துக்கொண்டு ஒரே மூச்சில் போனது. பெரிய குழாயில் அது கீழே கீழே விழுகிற சத்தம் சுத்தமாகக் கேட்டது. சலவைச் சோடாவும் கொதிநீரும் விட்டு மூன்றுதரம் கழுவினார். நாற்றம் விட்டது.

“கொண்டு வா புள்ளைய” என்றார். “என் கண்ணு முன்னாலயே குளிப்பாட்டு. வேலை சரியில்லன்னு நாளைக்கு என்னத் தேடி வரக்கூடாது.”

மொஹிதில் பேசினை வைத்து வெந்நீர் விட்டாள். குழந்தையை மெதுவாக இறக்கினாள். அது வீறிட்டது. மூன்று பேரும் துளையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றும் வரவில்லை.

குளிப்பாட்டி முடித்தாள். ஒன்றும் வரவில்லை. “போயிட்டாங்க உஸ்தா” என்று சொல்லி, அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தாள்.

“பின்ன? குழாயில இப்ப ஒண்ணும் இல்ல” என்று துர்தாலி சாமான்களைப் பைக்குள் போடக் குனிந்தார்.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது.

பதினோரு நாள் குழந்தை. விரலை ஆட்டினால்கூடப் பார்வை நிலைக்காத வயது. அது கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தது. அங்கிருந்து மெதுவாகப் பார்வையை நகர்த்தி, எல்முரோத்தைக் கடந்து, துர்தாலியின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு துண்டை விலக்கி இரண்டு கையையும் அந்தப் பக்கம் நீட்டியது.

துர்தாலியின் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது, கற்பூர வாடையோடு.

கூரையைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.