முதுகைக் காட்டி நின்றவள்

எட்டுப் பேர்தான் இருக்க வேண்டும்.

கெசாயா திரையில் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். முன்வரிசையில் மூன்று, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கோட்டு, எல்லோர் முகத்திலும் அன்றைக்கு வாங்கிவைத்த அதே சிரிப்பு. பின்வரிசை இருவருக்கும் நடுவே, செயற்கைப் புகை கொஞ்சம் விலகிய இடத்தில், ஒன்பதாவதாக ஒரு தலை தெரிந்தது. அது மட்டும் திரும்பி நின்றது. கறுத்து, நனைந்து, தோளோடு ஒட்டிக் கிடந்த முடி மட்டும்தான் தெரிந்தது.

"நிறுத்து," என்றாள்.

எடிட்டர் வொய்டெக் விசையை அழுத்தினான். பிப்ரவரி மாதத்துப் பகல் மூன்று மணி. டொரொன்டோவில் பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்துக் கட்டிய அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கருகின காபி வாடையும் சூடேறின இயந்திரங்களின் வாடையும் கலந்து அடித்தன. கூரைக்கு மேலே பனி சரிந்து விழும் சத்தம் அவ்வப்போது கேட்டது. வரும் சனிக்கிழமை அவள் சொந்த முகத்தோடு பாட வந்து பதினைந்து வருடம் ஆனதைக் கொண்டாட டிவியில் நேரடி நிகழ்ச்சி. அதில் ஓடவிட, பழைய வீடியோக்களிலிருந்து நான்கு நிமிடம் வெட்டி எடுக்கத்தான் இருவரும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பின்னாடி யாரு அது?"

"உங்க டான்ஸரை என்கிட்ட கேக்குறீங்களே?"

"என் டான்ஸர் எட்டுப் பேரு. எட்டுப் பேரோட பேரையும் சொல்லுவேன். அது யாரு?"

வொய்டெக் மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தான். "ஷூட்டிங் பார்க்க வந்த யாராச்சும் உள்ள புகுந்திருப்பாங்க. புகை போட்டா யாருக்குத் தெரியும்?"

"அடுத்தது போடு."

அடுத்தது மொட்டைமாடியில் எடுத்த வீடியோ. கொளுத்தும் வெயில், புகையே இல்லை. ஆட்டக்காரிகள் நெருக்கமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே, இரண்டு தோள்களுக்கு நடுவில், அந்தத் தலை. அந்த வெயிலிலும் முடி ஈரமாக இருந்தது. அதற்கும் அடுத்தது சலவைக்கடை வீடியோ. நடுவரிசையில் நின்றது.

வொய்டெக் அவள் கேட்காமலேயே அடுத்ததைப் போட்டான்.

அது டிவி பேட்டி. அந்த நிகழ்ச்சிக்கு அவள் தனியாகப் போயிருந்தாள், ஆட்டக்காரிகளே கிடையாது. கேமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்பியது. நூறு பேர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் மட்டும் பின்னந்தலை தெரிந்தது. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் எப்படி உட்கார முடியும்? பேட்டி முடிந்து அவள் பாட எழுந்தாள். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மைக்கில் விழுந்திருந்தது. அதற்கு அரை நொடி முன்னால் அதே மூச்சு இன்னொரு தரம் விழுந்திருந்தது.

"ரெண்டு தரம் கேட்டுதா?" என்றாள்.

"கேட்டுது," என்றான் வொய்டெக். எழுந்து போய் அறைக்கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்தான்.

கெசாயாவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் அவள் பாடின முதல் பாட்டு வானொலியில் எங்கே திருப்பினாலும் கேட்டது. வீடியோ வந்த அன்று அம்மா ஊர்ப் பலகாரமான மாக்கரோனி பை செய்து, டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருந்த பார்படோஸ் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். திரையில் அவள் குரலுக்கு வேறொரு பெண் வாயசைத்தாள். ஒல்லியான, வெளுத்த பெண். "நீ எப்ப வருவே?" என்று அம்மா பாட்டு முடியும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். இவ்வளவு கறுப்பாக, இவ்வளவு தடியாக ஒரு முகத்தை யார் பார்ப்பார்கள் என்று கம்பெனிக்காரன் நேருக்கு நேராகவே சொன்னான். மூன்று வருடம் வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து, அந்தக் கம்பெனியை உதறிவிட்டு வந்து, சொந்த முகத்தோடு நின்ற முதல் வீடியோதான் இந்தச் சிவப்புக் கோட்டு வீடியோ. அன்றைக்கே இதுவும் வந்து பின்னால் நின்றிருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் அக்கா ஒடெஸ்ஸா மீன் உருண்டை பொரித்துக்கொண்டிருந்தாள். தங்கையின் நிகழ்ச்சி, பேட்டி, வண்டி, சாப்பாடு என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"வேளைக்குச் சாப்பிடாம சுத்தினா கண்ணுல பூச்சி பறக்கத்தான்டி செய்யும்," என்றாள்.

"கண்ணைத் துடைச்சிட்டு நீயே பாரேன்." கெசாயா திரையைப் படம் பிடித்து வந்த போனை நீட்டினாள்.

ஒடெஸ்ஸா முதல் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான்காவது வந்தபோது சட்டியில் உருண்டைகள் கருகுகிற வாடை சமையலறை முழுக்கப் பரவிவிட்டது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. கெசாயாதான் போய் அணைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் கிட்ட வருது," என்றாள் ஒடெஸ்ஸா மெதுவாக.

"தெரியுது."

"சனிக்கிழமை வேணாம். உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

மறுநாள் ஒத்திகைக் கூடத்தில் கெசாயா லெனாக்ஸைத் தனியாகப் பிடித்தாள். முதல் வீடியோவிலிருந்து அவளுக்கு ஆட்டம் அமைத்துக் கொடுப்பவர். அறுபது தாண்டியவர், வலது முழங்காலில் பட்டை கட்டியிருப்பார். படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் கெசாயா.

"ரெண்டாவது வீடியோவுலயே பார்த்தேன், கண்ணு."

"பதினாலு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

"உனக்கு முன்னாடி ஒருத்திக்கு வேலை பார்த்தேன். பேரு வேணாம். அவ வீடியோவுலயும் இது இருந்துச்சு. பின்னாடியிருந்து ஒவ்வொரு வரிசையா வந்துச்சு. அவ தோளுக்கிட்ட வந்தப்ப எல்லாத்தையும் விட்டுட்டா. பாட்டு, டிவி, எல்லாம். இப்ப ஒரு போட்டோகூட எடுத்துக்க மாட்டா."

"நல்லாயிருக்காளா?"

லெனாக்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இருக்கா," என்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா?" என்று கேட்டார்.

"மாட்டேன்."

"பின்னே?"

வெள்ளிக்கிழமை மேடையில் கேமரா ஒத்திகை. எட்டு ஆட்டக்காரிகளோடு ஒரு தடவை பாடிவிட்டு, பதிவைப் பார்க்க இறங்கி வந்தாள். ஒடெஸ்ஸாவும் பக்கத்தில் நின்றாள். இந்தத் தடவை எந்த வரிசையிலும் அது இல்லை. அவளுடைய இடது தோளுக்குப் பின்னால், இரண்டு பேரும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டது போல ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் அசைந்தபோது அசைந்தது. இடது காதோரம் அந்த முடி உரசிக்கொண்டிருந்தது.

கெசாயா கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். காதுமடல் ஈரமாக இருந்தது.

"அம்மா சத்தியமாச் சொல்றேன், நாளைக்கு உன்னை மேடையேற விடமாட்டேன்," என்று ஒடெஸ்ஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுடுடி. போதும். சம்பாதிச்ச பேரு போதும்."

"நீ கறுப்பு, விலகுன்னான் ஒருத்தன். தடிச்சி, விலகுன்னான் இன்னொருத்தன். முப்பத்தஞ்சு தாண்டிருச்சு, சின்னப் பொண்ணுங்களுக்கு வழி விடுன்னு போன வருஷம் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். அவனுங்களுக்கே விலகாத நான் இதுக்கா விலகுவேன்? இதுக்கு ஒரு மூஞ்சி இருக்கான்னே தெரியலை!"

"இது மனுஷங்க இல்லைடி."

"அவனுங்க மட்டும்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். கெசாயா அவள் மூக்கைத் துடைத்துவிட்டு லெனாக்ஸைக் கூப்பிட்டாள். "நாளைக்கு டான்ஸர் யாரும் வேணாம். நான் தனியா நிக்கிறேன். என் பின்னாடி யாரு நிக்கிறாங்கன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

சனிக்கிழமை மாலை ஏழு மணி. வெளியே பனி இடைவிடாமல் பெய்துகொண்டிருந்தும் அரங்கத்தில் ஒரு இருக்கை காலியில்லை. நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை, பாப்கார்ன் வாடை, மேடை விளக்குகளின் சூட்டில் தூசி கருகுகிற வாடை எல்லாம் சேர்ந்து பக்கவாட்டில் காத்து நின்றவளின் தொண்டையில் இறங்கின. வொய்டெக் வெட்டிக் கொடுத்த நான்கு நிமிடம் ஓடி முடிந்தது. ஒன்பதாவது தலை வராத துண்டுகளாகத் தேடித் தேடி எடுத்திருந்தான். ஜனம் கத்தியது. மேடையின் பின்சுவர் முழுக்க, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு திரை. கேமரா பார்ப்பதெல்லாம் அந்தக் கணமே அதில் வரும்.

அவள் நடந்து போய் நடுவில் நின்றாள். பாட ஆரம்பித்தாள்.

முதல் சரணம் வரைக்கும் முன்னால் இருந்த ஜனத்தை மட்டும்தான் பார்த்தாள். கைபேசி வெளிச்சங்கள் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டாவது சரணத்தில் முன்வரிசையில் ஒரு பெண் ஆடுவதை நிறுத்தினாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன். அவர்கள் கண் அவள்மேல் இல்லை. அவளைத் தாண்டி, மேலே, திரையைப் பார்த்தார்கள். வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக ஆடாமல் நின்றன. கேமராக்காரன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் மேடையைப் பார்த்தான். மறுபடியும் கேமராவில் கண்ணை வைத்தான். பக்கவாட்டில் ஒடெஸ்ஸா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இடது காதுக்குள் ஒரு மூச்சு. அவளுடைய மூச்சுக்கு அரை நொடி முன்னால்.

ஓடிவிடலாம். நான்கு எட்டு வைத்தால் அக்கா.

அவள் ஓடவில்லை. பாடிக்கொண்டே திரும்பி, ஜனத்துக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்தாள்.

இரண்டு மாடி உயரத்துக்கு அவளுடைய முதுகு தெரிந்தது. பக்கத்தில் அது. இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் அதை மறைக்க ஆட்டக்காரிகளின் தோள்கள் இல்லை, நாற்காலிகள் இல்லை. தலையிலிருந்து கால்வரை முழுசாகத் தெரிந்தது. ஈர முடி. சாயம் போன சிவப்புக் கோட்டு. அதன் பொத்தான்கள். வெறுங்கால்கள்.

பொத்தான்கள் இந்தப் பக்கம் இருந்தன.

கால்விரல்களும்.

அது ஒருநாளும் முதுகைக் காட்டி நிற்கவில்லை. பதினைந்து வருடமாக, ஒவ்வொரு வீடியோவிலும், ஒவ்வொரு பேட்டியிலும், அந்த முடிக்குள்ளிருந்து கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது.

கெசாயாவின் குரல் ஒரு கணம் உடைந்தது. உடைந்த இடத்தில் இன்னொரு குரல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. அவளுடைய குரலேதான். ஒலிபெருக்கி அத்தனையிலும் அதுதான் வந்தது. ஜனத்தில் யாரோ வீறிட்டார்கள்.

அந்த வீறிடலில் அவளுக்கு நிதானம் வந்தது. அந்தக் குரல் அவளுடையது. இன்னொரு வாய்க்கு அதை ஒருமுறை கொடுத்தது போதும்.

அடுத்த சொல்லை அவள் பிடுங்கிக்கொண்டாள். அதற்கடுத்ததையும். இடது பக்கம் வெறும் காற்று. அதற்குள் கையை நீட்டினாள். குளிர்ந்த, ஈரமான கை ஒன்று அவள் உள்ளங்கைக்குள் வந்து அமர்ந்தது. பிடித்தாள். இழுத்தாள். வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற இடைவெளியில், மைக்கை வாயிலிருந்து விலக்கி, "வா. இத்தனை பேரு வந்திருக்காங்க. மூஞ்சியைக் காட்டு," என்றாள்.

மைக்கைத் தன் கோட்டுப் பைக்குள் செருகினாள். மைக் இல்லாமலே கடைசிச் சரணத்தை உரக்க எடுத்தாள். வலது கையை அந்த முடிக்குள் விட்டாள். வெறும் காற்றில் முடி இருந்தது. கனமாக, சில்லென்று, விரல்களைச் சுற்றிக்கொண்டது. திரையில் அவள் கை அதை விலக்குவது தெரிந்தது. விலக்க விலக்க முடி. மணிக்கட்டு உள்ளே போனது. முடி. முழங்கை வரை போனது. முகம் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, பின்மண்டை இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டி, கை போய்க்கொண்டே இருந்தது.

விரல்நுனியில் பல் தட்டியது.

பல்லுக்கு அப்பால் நாக்கு. சூடாக, அசைந்துகொண்டு. அவளுடைய வாயில் இருந்த அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு.

கையை எடுக்கவில்லை. பாட்டின் கடைசிச் சுரம் வந்தது. நீளச் சுரம். அவள் நெஞ்சு நிறைய இழுத்து அதைப் பிடித்தாள். விரலுக்கடியில் அந்த நாக்கும் அதையே பிடித்தது. வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவுகளை நோக்கி ஜனம் முண்டியடிக்கிற சத்தம். அக்கா அவள் பெயரைச் சொல்லிக் கதறுகிற சத்தம். இருட்டில் ஒரே சுரம், ஒரே குரலில், இரண்டு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

பற்கள் மெதுவாக மூடத் தொடங்கின.

கெசாயா விரல்களை இன்னும் ஆழமாக அழுத்தினாள். சுரத்தை விடவில்லை.