பலகையின் கடைசி வரி

கணக்கு உதவி அறைக்குள் ஏனக்கா அழுதுகொண்டே வந்தாள் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மற்றவர்களை அழவைப்பதல்லவா அவள் வழக்கம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்; முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கில் கைகொடுக்கும் மென்டர். யார் என்ன விடை சொன்னாலும், அது சரியாகவே இருந்தாலும், "ஏன்?" என்று கேட்டுவிடுவாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே பாதி நாள் ஞாபகமிருக்காது.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். மென்டர்களுக்கெல்லாம் பொறுப்பாளரான ஆராய்ச்சி மாணவி ஒருத்தி; எதற்கும் அவசரப்படாததால் 'ஆமை'. அவளுக்கு நேர் எதிராக, மூன்றாம் ஆண்டு மென்டர் 'பட்டாசு'. திரி கிள்ளும் முன்பே வெடிப்பவன்.

"எவன் என்ன சொன்னான்? பேரைச் சொல்லு" என்று பட்டாசு எழுந்தே விட்டான்.

"நீ உட்காரு. அவ முதல்ல தண்ணி குடிக்கட்டும்" என்றாள் ஆமை.

தண்ணீர் குடித்தபின் விஷயம் வந்தது. வீட்டில் போட்டுவரச் சொன்ன கணக்குக்காகப் பேராசிரியர் திருத்திய விடைத்தாள்களில் இரண்டு ஒரே மாதிரி இருக்கின்றன. ஒன்று, ஏனக்காவிடம் வரும் முதலாண்டுப் பெண்ணுடையது. மற்றொன்று ஏனக்காவின் சொந்தத் தம்பியுடையது. அவனும் முதலாண்டுதான். இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு. இருவருக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது. இருவருக்கும் பொதுவானவள் ஏனக்கா ஒருத்திதான்.

"நான்தான் விடையைச் சொல்லிக் கொடுத்தேன்னு சார் நினைக்கிறார். சாயங்காலத்துக்குள்ள விளக்கம் சொல்லணுமாம். இல்லேன்னா என்னை மென்டர் வேலையிலேர்ந்து எடுத்துடுவாராம்."

"சொல்லிக் கொடுத்தியா?"

"இல்லக்கா. அவளைப் பலகைல போட வெச்சேன். நான் மார்க்கரைத் தொடவே இல்ல. பலகையோட கடைசி வரி வரைக்கும் சரியாத்தான் போட்டா. 'மீதியை வீட்டுல போட்டுக்கறேன்'னா. சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு, எல்லாரும் கீழே போயிட்டோம்."

"பலகையை யாரும் அழிக்கலையா?"

"எழுதினவங்கதானே அழிக்கணும்?"

அது அந்த அறையின் வழக்கம். அடுத்தவர் போட்ட கணக்கை, தப்பாகவே இருந்தாலும், இன்னொருவர் அழிக்கக் கூடாது. பயந்து பயந்து போட்ட பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று பயந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"உன் தம்பி இங்க வருவானா?"

"சாப்பாடு எடுக்க மட்டும் வருவான். அம்மா ரெண்டு பேருக்கும் ஒரே கேரியர்லதான் கொடுத்து விடுவாங்க; என் அடுக்கை எடுத்துக்கிட்டு மீதியை இங்கயே வெச்சுட்டுப் போவேன். அவனுக்கு நான் மென்டரா இருக்க முடியாதே, சொந்தக்காரங்களுக்குக் கூடாதுன்னு விதி. அவனைக் கேட்டேன். 'நானே போட்டேன்'னு சொல்றான்." ஏனக்கா மூக்கை உறிஞ்சினாள். "வேலை போனா போகட்டும்கா. அவன் என்கிட்ட பொய் சொல்றானா, அது மட்டும் எனக்குத் தெரியணும். சின்ன வயசுலேர்ந்து ஒரு பொய் சொன்னதில்ல."

பட்டாசுக்கு அதற்குள் விடை கிடைத்துவிட்டது. "போன்தான். அந்தப் பொண்ணு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா. இவன் காப்பி அடிச்சிருக்கான். முடிஞ்சது."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றாள் ஆமை. "முதல்ல தாளைப் பார்ப்போம்."

பேராசிரியர் அறையிலிருந்து இரண்டு தாள்களும் வந்தன. பட்டாசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். சிவப்பு மையால் வட்டமிட்ட இடத்தை மட்டும். ஒரு வரியின் தொடக்கத்தில் 'மைனஸ் ரெண்டு எக்ஸ்' என்று வரவேண்டும். இரண்டு தாளிலும் வெறும் 'ரெண்டு எக்ஸ்'. ஆமையோ வட்டத்தைத் தாண்டிக் கடைசி வரை படித்தாள்.

"இந்த வரி வரைக்கும் ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க. அதுக்கப்புறம் பாரு. அந்தப் பொண்ணு நேரா போய் முடிச்சுட்டா. தம்பி சுத்திச் சுத்திக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்டவன் மாதிரி அலைஞ்சுட்டு நடுவுலயே நின்னுட்டான். ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்த்திருந்தா முடிவும்தானே ஒண்ணா இருக்கும்?"

"அப்போ?"

"ரெண்டு பேரும் எதையோ பார்த்திருக்காங்க. அது இந்த வரியோட நின்னு போச்சு."

அப்போது அந்த முதலாண்டுப் பெண்ணே வந்து கதவருகில் நின்றாள். வலது முழங்கையில் ஹெல்மெட் தொங்கியது. அழுதிருக்கிறாள், இடது கையால் கன்னத்தைத் துடைக்க, கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்றல் விழுந்தது.

"அக்காவை எதுவும் பண்ணிடாதீங்க. தப்பு எங்க வந்துச்சுன்னு இப்பவும் பக்கத்து ரூம் போர்டுல போட்டுப் பார்த்தேன். அன்னைக்குச் சாப்பிட்டு வந்து போர்டைப் பார்த்து அப்படியேதான் எழுதிக்கிட்டேன். எழுதிட்டு அழிச்சுட்டேன்."

"அழுது அழுது கண் மையெல்லாம் கலைஞ்சிடுச்சு பாவம்" என்று பட்டாசு கிசுகிசுத்தான்.

"கண்ணுல மை இல்லையே" என்றாள் ஆமை. "சாரையும் தம்பியையும் கூட்டிட்டு வா."

சிறிது நேரத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பேராசிரியர் ஜன்னலோரம் நின்றார். தம்பி எல்லோருக்கும் பின்னால் நின்றான்; நெடுநெடுவென்று வளர்ந்த உடம்பைக் குறுக்கிக்கொண்டு, அக்கா முகத்தைப் பார்க்காமல்.

ஆமை முதலில் பட்டாசை அழைத்தாள். பலகையின் மேலிருந்து அடிவரை முழுக் கணக்கையும் எழுதச் சொன்னாள். வலது கையால் எழுதினான். அடிவரியில் மைனஸ் ஜம்மென்று நின்றது.

"அப்படியேதானே இருக்கு?" என்றான் ஏமாற்றத்தோடு.

"அழிச்சிடு. இப்போ நீ எழுதும்மா. அன்னைக்கு எழுதின மாதிரியே."

அந்தப் பெண் இடது கையில் மார்க்கரை எடுத்தாள். மேல் வரிகளைக் கையை அந்தரத்தில் வைத்து எழுதினாள். ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. கடைசி வரிக்குக் குனியவேண்டி வந்தது. குனிந்தவள் கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டாள். மைனஸ் போட்டாள். அடுத்த எழுத்துக்குக் கை நகர்ந்தது. நகர்ந்த கை ஈரம் காயாத அந்தச் சின்னக் கோட்டைத் துடைத்துக்கொண்டே போயிற்று. பக்கத்திலிருந்த சமக்குறி மங்கலாகத் தப்பியது. மைனஸ் போன இடம் தெரியவில்லை.

 அந்தப் பெண் தன் உள்ளங்கையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது.

"எழுதறவங்க அடுத்த எழுத்தைத்தான் பார்ப்பாங்க, சார்" என்றாள் ஆமை. "இவ மைனஸ் போட்டதை ஏனக்கா பார்த்தா. அது போனதை ரெண்டு பேருமே பார்க்கலை. மத்தியானம் வந்து தன் கணக்கையே தப்பா காப்பி பண்ணியிருக்கா. ஏனக்கா வாயால சொல்லியிருந்தா மைனஸோடதான் சொல்லியிருப்பா. இது கண்ணால பார்த்து எழுதின தப்பு."

"அந்தப் பெண் சரி. மற்றவன்?" என்றார் பேராசிரியர்.

ஆமை ஏனக்காவைப் பார்த்தாள்.  சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாத அறைக்குள் யார் வருவார் என்பது ஏனக்காவுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றான் அவன். "கேரியர் எடுக்க வந்தப்போ பார்த்து எழுதிக்கிட்டேன். அக்காவுக்குத் தெரியாது சார். அவங்களை எடுத்துடாதீங்க."

ஏனக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "என்கிட்டயே பொய் சொன்னியேடா. புரியலைன்னா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே."

"எப்போ?"

"காலேஜ் ஆரம்பிச்ச புதுசுல. வீட்டுல, நீ துணி மடிச்சுட்டிருந்தே. 'உனக்கு நான் சொல்லித்தரக் கூடாதுடா, விதி'ன்னு சொல்லிட்டே."

 சொன்னது ஏனக்காவுக்கு ஞாபகம் இருந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"வேற மென்டர்கிட்ட போயிருக்கலாமே" என்று பட்டாசு முதல்முறையாக மெல்லிய குரலில் கேட்டான்.

"எல்லாருக்கும் நான் ஏனக்கா தம்பிண்ணா. போய் உட்கார்ந்தா என்ன நினைப்பாங்க? இவ்வளவு கெட்டிக்காரிக்கு இப்படி ஒரு தம்பியான்னு. அக்காவுக்குத்தானே கேவலம்."

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கடுமையாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் அது கரைந்துவிட்டது. "அந்தக் கணக்குக்கு உனக்கு மதிப்பெண் கிடையாது. என் எதிரில் உட்கார்ந்து திரும்பப் போடணும். விடை சரியா வர்றவரைக்கும் போடு. உன் அக்கா வேலையில நீடிக்கட்டும்." வாசல்வரை போனவர் நின்றார். "இன்னொண்ணு. அந்த விதியைப் போட்டவன் நான். இந்த அறைக்குள்ள யாரும் சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டக் கூடாதுன்னு போட்டேன். உங்க வீட்டுக்கு நான் எதுக்கும்மா விதி போடப் போறேன்?"

அவர் போய்விட்டார். இருந்து மிச்சத்தையும் பார்க்கலாம் என்றிருந்த பட்டாசை ஆமை சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்த முதலாண்டுப் பெண்ணும் பலகையை அழித்துவிட்டுப் பின்னாலேயே நழுவினாள்.

அக்காவும் தம்பியும் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.  ஏனக்கா ஊரார் பிள்ளைகள் எல்லோரிடமும் 'எங்கே சிக்கிக்கிட்டே' என்று ஆசையாய்க் கேட்டிருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் படுத்து எழுகிறவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"எதுலேர்ந்துடா புரியலை?"

அவன் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"முதல் கிளாஸ்லேர்ந்தேக்கா."

பாதி வருஷம் போய்விட்டது. இத்தனை நாளும் வகுப்பில் தலையாட்டிக்கொண்டு, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறான். ஏனக்கா ஏன் என்று கேட்கவில்லை. துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, இப்படி நகர்ந்து உட்காரு" என்றாள். "முதல் கிளாஸ்ல என்ன நடத்தினாங்க, உனக்கு ஞாபகம் இருக்கறதைச் சொல்லு."