குதிருக்குள் ஒரு தாலாட்டு

தானியக் குதிரின் மேல் போட்ட பலகை சற்று விலகியிருந்தது. சாயங்காலம் போனை அணைத்து, பழைய சாமைக்கு அடியில் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்து மூடியவளே வசந்திதான். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு பலகையை இழுத்துப் போட்டாள்.

சாமைப் பயிர் கதிர் பிடித்ததிலிருந்து அவளும் கணவன் கோபாலும் ராவெல்லாம் கொல்லைக்காட்டில் காவல் இருந்து பன்றி விரட்டினார்கள். நாலு வயது தர்ஷினி தனியே அழக்கூடாதே என்று, தான் தாலாட்டுப் பாடுவதைப் போனிலேயே படம் பிடித்து, விடியும்வரை திரும்பத் திரும்ப ஓடும்படி குழந்தையின் தலைமாட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு வேறு. குழந்தை தூங்கினால்தானே? அந்த நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு விடிய விடிய விழித்துக் கிடந்தது. பகலில் சோறு வாயில் இருக்கும்போதே சொக்கி விழுந்தது.

"இன்னிக்கி நான் வர்ல," என்று கோபாலிடம் சொல்லிவிட்டாள்.

"ஒரு வருசத்து சோறுடி அது."

"பன்னி தின்னா தின்னுட்டுப் போவட்டும். எம் புள்ள தூங்கணும்."

மழை பெய்து ஓய்ந்த மண்வாசனையும் அணைத்த அடுப்பின் புகையும் வீட்டுக்குள் தேங்கியிருக்க, கொல்லையில் கோபால் தகரம் தட்டும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

தாலாட்டு தொடங்கியது.

அவள் குரல். அவள் வாய் மூடியிருந்தது.

தர்ஷினி எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா கூப்புடுது."

"நான்தான் கண்ணு உங்கம்மா."

"நீ இல்ல."

பலகை இடுக்கில் நீலம் கசிந்தது. வசந்திக்குப் பயத்தைவிடக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையை வாரி எடுத்து, பலகைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னா வேணும் உனுக்கு? எம் புள்ளய குடுக்க மாட்டேன். போ!"

அந்தக் குரலை அமுக்கிவிட அவளும் பாடினாள். உரக்க. இன்னும் உரக்க. உள்ளே இருப்பதற்கு மூச்சு வாங்கவில்லை. இவளுக்குத் தொண்டை கட்டியது. பலகை கீழிருந்து எழும்பியது. அழுத்தினாள். மறுபடி எழும்பியது.

இடுக்கு வழியே ஒரு கை வந்தது. சாமை உதிர்ந்தது. அவள் போட்டிருந்த அதே பச்சை வளையல்.

அது தாளம் தப்பாமல் தர்ஷினியின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. எத்தனையோ ராவுக்குப் பிறகு குழந்தையின் கண்கள் மூடின.

வசந்தி அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். சார்ஜில் போட்ட போனைப் போலச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

அவள் விடவில்லை. அது தட்டுவதை நிறுத்தவும் இல்லை.