பச்சைத் தகடு நீலமாய்ச் செத்தது!

இந்தக் காலத்துச் சனம் எதற்கெடுத்தாலும் கத்துகிறது. பாம்பைக் கண்டாலும் கத்தல், பல்லியைக் கண்டாலும் அதே கத்தல்... கேட்கிறவன் எதற்கென்று ஓடுவது?

ஆகவே, ஆய்வுகூடத்தில் அந்த அலறல் கிளம்பியபோது காவல்காரர் கோணாமலை ஓடவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். மிச்சத்தைக் கதவுநிலையில் துடைத்தார். பிறகுதான் உள்ளே போனார்.

"போச்சு மாமா! களவெடுத்திட்டாங்க!"

அலறியது அன்னப்பூரணி மிஸ். அந்த ஆய்வுகூடமே அவளுடைய மூளையில்தான் ஓடியது.

மேசையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் விரல் நீளத்தில் பிளாஸ்டிக் தகடு.

நீலம்!

"நேத்து நான் வெச்சது பச்சை. கம்பி மாதிரிக் கரண்ட் போகும். இதில போகுதில்ல. ஆரோ மாத்தி வெச்சிட்டாங்க!"

"பிளாஸ்டிக்கில கரண்டா? ஆருக்குப் புள்ள கதை விடுறாய்?"

"இது வேற சாதிப் பிளாஸ்டிக், மாமா. அடுத்ததா இதைக் காந்தமாக்கப் பாக்கிறன்."

"ஓம் ஓம்... அதுக்குப் பிறகு தயிராக்கு!"

கதவுத் திறப்பு, அதாவது சாவி, இரண்டு பேரிடம். ஒன்று கோணாமலையிடம். மற்றது உதவியாளர் மர்சூக்கிடம். ஏறாவூர்க்காரர், நாலு பிள்ளைக்குத் தகப்பன்; அலறல் கேட்டு அவரும் ஓடி வந்து நின்றார்.

"ராவு பூட்டினது நீதானே, மர்சூக்கு?"

"அல்லாஹ் மேல சத்தியமா நான் தொடல்ல, அண்ணே!"

கோணாமலை நம்பவில்லை. கட்டின பெண்டாட்டி ஊற்றும் தேத்தண்ணியையே முகர்ந்து பார்த்துக் குடிக்கிறவர் அவர்.

"கந்தோரில இருந்து பெரியாக்கள் பொலிசுக்குச் சொல்லிட்டாங்க..." மிஸ் வாசலை எட்டிப் பார்த்தாள்.

டோர்ச் பற்றறி கொண்டு போனவனையே வவுணதீவுச் சோதனைச் சாவடியில் குப்புறப் படுக்க வைத்த யுத்த காலம். கரண்ட் கடத்தும் சாமானைத் திருடியவன் என்றால்...?

ஜீப்பில் ஏறுகிறவன் திரும்புவானா?

மர்சூக் தன் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

வாசலில் ஜீப் சத்தம்!

அன்னப்பூரணி தகட்டின்மேல் குனிந்தாள். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்... நிமிர்ந்து கதவுநிலையைப் பார்த்தாள். அங்கும் அதே தீற்றல்!

"மர்சூக்! அசிட் போத்தல்! கெதியா!"

ஒரு துளி... இரண்டு துளி...

நீலம் கலைந்தது. பச்சை மலர்ந்தது!

கம்பியைப் பொருத்தினாள். சின்னச் சிவப்பு பல்ப் பளிச்சென்று எரிந்தது!

"களவு போகல்ல! இதே தகடுதான். அசிட் பட்டாப் பச்சை, கரண்ட் போகும். சுண்ணாம்பு பட்டா நீலம், கரண்ட் நிண்டிரும். விடியக்காலம இதுக்குள்ள இரிந்து வெத்திலை போட்டு, விரலை இதில துடைச்சது ஆரு?"

இரண்டு சோடிக் கண்களும் ஒரே விரலில் போய் நின்றன.

கோணாமலையின் சுட்டுவிரல். வெள்ளை வெளேரென்று!

மர்சூக்குக்கு மூச்சு வந்தது. கூடவே சிரிப்பும்.

"அண்ணே... கள்ளன் உங்கட கையிலயே இரிக்கான்!"

"அப்ப ஜீப்புக்காரனுக்கு என்ன சொல்ற?" கோணாமலை முறைத்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்றன், மாமா."

கோணாமலை வெளியே நடந்தார். போகிற போக்கில் விரலை ஜீப்பின் கதவில் துடைத்தார். திரும்பினார்.

"அறுவது வருசமா இந்தச் சுண்ணாம்பத்தான் புள்ள தின்னுறன். வாய் சிவந்திரிக்கி... ஒருநாளும் நீலமாகல்ல!"