வெளியேறாத பெயர்

பெயர் கேட்க வேண்டிய திரை பெயர் கேட்கவில்லை. கறுப்புப் பரப்பில், ஏற்கெனவே உள்ளே போய்விட்ட ஒருவரின் வரி திறந்து கிடந்தது. அதன் நுனியில் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னி மின்னி அணைந்தது.

சுங்கை பட்டாணி அலுவலகத்தில் காஞ்சனா மட்டும் இருந்தாள். சாயங்கால மழையின் இரைச்சல் தகரக் கூரையிலிருந்து இறங்கி, குளிரூட்டும் பழைய ஏர்கோனின் முனகலோடும் ஈர வாடையோடும் கலந்து அறையை நிறைத்திருந்தது.

பாலிங் ரப்பர் தோட்டத்து மேட்டில், இணையத்துக்கான ரௌட்டர் ஒரு சின்ன அறைக்குள் இருக்கிறது. அது நின்றுபோனால் ஆள்தான் போய், மடிக்கணினியைச் செருகி எழுப்ப வேண்டும். அப்படி ஒரு மழையில் போன அவள் தம்பி சிவநேசன் இடி விழுந்து அந்த அறையிலேயே செத்தான். இனி ஒருவரும் மழையில் அங்கே போகக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கன்சோல் சர்வர்: ரௌட்டரோடு கேபிளில் இணைந்து, இங்கிருந்தே அதைச் சரிசெய்ய விடும் பெட்டி. புதியதன் விலையைக் கேட்டதும் முதலாளி பேச்சை மாற்றினார். உடன் வேலை செய்யும் புவனேசன் காட்டிய மலிவுப் பெட்டியில் சிம் போட இடமில்லை. லைன் அறுந்தால் அதுவும் ஊமையாகிவிடும். கடைசியில் சிம் உள்ள பழைய பெட்டி ஒன்றைப் பினாங்கில் தேடிப் பிடித்தாள். கோளாறு வந்தால் அதுவே புவனேசனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். இன்றுதான் அவன் போய் மாட்டினான்; அதன் வழியே காஞ்சனா முதல்முறையாக ரௌட்டரைத் திறந்திருந்தாள்.

திரையைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. வெளியேறாமல் கேபிளைப் பிடுங்கினால், உள்ளே இருந்தவர் போய்விட்டது ரௌட்டருக்குத் தெரியாது. அடுத்துச் செருகுபவர் அவர் பெயரிலேயே உட்கார்ந்துவிடுவார். வெளிவேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. சிவநேசனையும் இதற்காக எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள்.

புவனேசனை அழைத்தாள். பாலிங் டவுனில் மழைக்கு ஒதுங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“லாக் அவுட் பண்ணாம வந்துட்டியா தம்பி?”

“லேப்டாப்பே கொண்டு போகலக்கா. நீங்கதானே கேபிள மட்டும் சொருவிட்டு வான்னீங்க.”

உள்ளே இருப்பது யார் என்று ரௌட்டரிடமே கேட்டாள். ஒரே பெயர் வந்தது. சிவநேசன்.

இடியில் எரிந்த ரௌட்டரை அவளே தூக்கிப் போட்டாள். இது புதியது. இதில் அந்தப் பெயரை யாரும் ஏற்றவில்லை.

ஏர்கோன் நின்றிருந்தது. எப்போது நின்றது?

வெள்ளைக் கட்டம் நகர்ந்தது. அவள் கைகள் மடியில் இருந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ். மெதுவாக.

அக்கா. இருட்டா இருக்கு. யாரையாச்சும் அனுப்பு.

ஈரத்தில் கருகிய ரப்பரின் நாற்றம். இங்கே, இந்த மேசையருகே. எழுதினாள்: யாரும் வரமாட்டாங்கடா.

கட்டம் மின்னியது. அணைந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே வீச்சில்:

கூப்பிட்டுட்டேன்.

புவனேசனை மறுபடி அழைத்தாள். நீண்ட மணி. எடுத்தான். பின்னால் மழை.

“பொட்டிலேருந்து மெசேஜ் வந்துச்சுக்கா, ரௌட்டர் படுத்துருச்சாம். மேட்டுக்கு வந்துட்டேன்லா.”

“திரும்பு தம்பி. உள்ள போகாத.”

“கதவு தொறந்துதான் இருக்கு. யாரோ இருக்காங்க போல…”

மழைச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

ரௌட்டரிடம் மறுபடி கேட்டாள். இரண்டு பெயர்கள்.

அதன் கீழே எழுத்துகள் வரத் தொடங்கின. ஒரே வரியில் இரண்டு பேர். ஒன்று மெதுவாக, ஒன்று பதறி. ஒருவர் எழுத்தின்மேல் மற்றவர் எழுத்து ஏறி, அக்கா, அக்கா, அக்கா என்று திரை நிரம்பி, மேலே நகர்ந்து, மறுபடி நிரம்பிக்கொண்டிருந்தது.